ஒரே ஜீன், முப்பது வருஷம்: கரோலின் டீன் பேப்பர்களை எங்கேருந்து படிக்கிறது?

இலைக்காம்பு:
வணக்கம் மக்களே. எம்எஸ்சி பிளான்ட் பயோடெக் ரெண்டாவது வருஷம். எங்க ஜர்னல் கிளப்ல இந்த தடவை ஒரு பேப்பர் இல்லயாம், ஒரு ஆராய்ச்சியாளரோட மொத்த வேலையையும் எடுத்துப் பேசணுமாம். எனக்கு விழுந்தது கரோலின் டீன், இங்கிலாந்து நார்விச்ல இருக்கிற ஜான் இன்ஸ் சென்டர். லிஸ்ட்ட எறக்கிப் பார்த்தேன், எங்க திரும்பினாலும் எஃப்எல்சி எஃப்எல்சி எஃப்எல்சி. ஒரே ஜீனை வச்சு முப்பது வருஷமா பேப்பர் போட்டிருக்காங்க. பழசுலேர்ந்து வரிசையா படிக்கிறதா இல்ல கடைசியா வந்த ரிவ்யூ ஒண்ணை எடுத்து அதுலேர்ந்து பின்னாடி போறதா? யாராவது வழி சொல்லுங்க.

குடமிளகாய்:
தம்பி, ஒரே ஜீன்னு நீயே சொல்லிட்ட. அதான் சங்கதி. அராபிடாப்சிஸ்னு ஒரு களை, யாரும் சாப்பிட மாட்டாங்க, மாடு கூட திங்காது, அது எப்ப பூக்குதுன்னு பார்க்க இவ்வளவு காசு. விதை கம்பெனில வேலை பார்க்கிறவன் சொல்றேன், வயல்ல இறங்கினவனுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

பழைய_பெட்ரிடிஷ்:
குடமிளகாய் சார், உங்க களைக்குத்தான் 2020ல விவசாயத்துக்கான உல்ஃப் பரிசு குடுத்தாங்க, அதுக்கு அப்புறம் வரேன்.

இலைக்காம்பு, நான் முன்னாடி ஒரு பிராசிகா (கடுகு, கோஸ் இனம்) லேப்ல போஸ்ட்டாக்கா இருந்தேன், இந்த பேப்பர்கள் எல்லாம் தினமும் மேசைல கிடக்கும். முதல்ல அவங்க எங்கேருந்து வந்தாங்கன்னு பாரு. யார்க் யுனிவர்சிட்டில பிஎச்டி, கோதுமை இலைல குளோரோபிளாஸ்ட் எப்படி பெருகுதுன்னு. அப்புறம் கலிஃபோர்னியால ஒரு பயோடெக் கம்பெனில பெட்டூனியா செடியோட ஒளிச்சேர்க்கை ஜீன்கள். அங்க இருக்கும்போதுதான் தோட்டத்துல நட ட்யூலிப் கிழங்கு வாங்கப் போனாங்களாம், நடறதுக்கு முன்னாடி சில வாரம் ஃப்ரிட்ஜ்ல வைன்னு சொல்லியிருக்காங்க, ஏன்னு மண்டைக்குள்ள கேள்வி வந்து உக்காந்துடுச்சு. இதை அவங்களே பல பேட்டில சொல்லியிருக்காங்க. 1988ல ஜான் இன்ஸ் வந்து சொந்தமா லேப் ஆரம்பிச்சதும் எடுத்த கேள்வி அதுதான். குளிர்காலம் முழுசா கடந்தாத்தான் பூக்கிற செடி, அந்த குளிர் முடிஞ்சு வாரக்கணக்குல ஆனப்புறமும் "நான் குளிரைப் பார்த்துட்டேன்"னு எப்படி ஞாபகம் வச்சிருக்கு? இதுக்குப் பேர் வெர்னலைசேஷன், உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

எஃப்எல்சி அதுக்குள்ள வந்து மாட்டின ஜீன். அதை மனசுல வச்சுக்க. அவங்க ஜீனைத் தேடிப் போகல, கேள்வியைத் தேடிப் போனாங்க, ஜீன் நடுவுல நின்னுச்சு.

சும்மா_படிக்கிறவன்:
நான் பிகாம். எஃப்எல்சி என்ன பண்ணுதுன்னு ஒரே வரில சொல்லுங்கக்கா, அப்பத்தான் மத்தது புரியும்.

பழைய_பெட்ரிடிஷ்:
பூக்காதேன்னு தடுக்கிற ஜீன். எஃப்டி, எஸ்ஓசி1னு பூக்க வைக்கிற ஜீன்கள் இருக்கு, எஃப்எல்சி புரதம் அதுங்களை அமுக்கி வைக்கும். நீண்ட குளிர் பட்டா எஃப்எல்சி கொஞ்சம் கொஞ்சமா அடங்கும், வெயில் வந்தப்புறமும் அடங்கியே இருக்கும், அப்ப செடி பூக்கும். அவ்வளவுதான். ஆனா அந்த "அடங்கியே இருக்கும்"ங்கறதுல தான் முப்பது வருஷம் போச்சு.

இலைக்காம்பு:
அக்கா, எஃப்எல்சிய கண்டுபிடிச்சதே அவங்க லேப் தானே?

பழைய_பெட்ரிடிஷ்:
இல்ல! இதை ஸ்லைடுல தப்பா போட்டுடாத. 1999ல ஒரே நேரத்துல ரெண்டு குழு, விஸ்கான்சின்ல ரிச்சர்ட் அமாசினோ லேப், ஆஸ்திரேலியால சிஎஸ்ஐஆர்ஓங்கற அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக் குழு, ரெண்டும் தனித்தனியா பிடிச்சு பிளான்ட் செல் ஜர்னல்ல போட்டாங்க. ஆஸ்திரேலியாக்காரங்க வேற பேர் வச்சாங்க, கடைசில எஃப்எல்சிதான் நின்னுச்சு. டீன் லேப் அந்த சமயத்துல அந்த ஜீனை ஏத்தறது யாரு இறக்கறது யாருன்னு சுத்தி வளைச்சு வேலை பார்த்துட்டு இருந்தாங்க. 1997ல செல் ஜர்னல்ல எஃப்சிஏ, இது ஆர்என்ஏவைப் பிடிக்கிற புரதம். 2000ல சயின்ஸ்ல ஃப்ரிஜிடா, எஃப்எல்சிய மேல ஏத்தி வைக்கிறது இதுதான்.

ஃப்ரிஜிடா பேப்பரை கட்டாயம் படி. நாம லேப்ல வளர்க்கிற கொலம்பியா, லாண்ட்ஸ்பர்க் ரெண்டு ரகமும் குளிரே இல்லாம சட்டுனு பூக்கும்ல, ஏன்னா ரெண்டுலயும் ஃப்ரிஜிடா உடைஞ்சு கிடக்கு. ஆனா ஒரே எடத்துல உடையல. கொலம்பியால 16 பேஸ், அதாவது டிஎன்ஏ எழுத்து, காணோம், லாண்ட்ஸ்பர்க்ல வேற எடத்துல பெரிய துண்டு ஒண்ணு காணோம். அப்படின்னா சீக்கிரம் பூக்கிற குணம் இயற்கைல ஒரு தடவை வந்து பரவினது இல்ல, தனித்தனியா பல தடவை வந்திருக்கு. 1950கள்லயே ஜெர்மனில நாப்-சின்னு ஒருத்தர் வெறும் கிராஸிங் பண்ணியே இந்த ஜீனைக் குறிச்சு வச்சுட்டுப் போயிட்டார், அதுக்கு ஆள் யாருன்னு தெரிய நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

குடமிளகாய்:
சரி இதெல்லாம் ஜீன் பிடிக்கிற காலத்துக் கதை, அப்ப எல்லாரும் பிடிச்சாங்க. அப்புறம்?

பழைய_பெட்ரிடிஷ்:
அப்புறம்தான் குரோமாட்டின், அதாவது டிஎன்ஏவும் அது சுத்தியிருக்கிற புரதமும் சேர்ந்த பொட்டலம். 2001ல செல் ஜர்னல்ல விஆர்என்2. இந்த ஜீன் கெட்டுப்போன செடி குளிர்ல வச்சா எஃப்எல்சி இறங்குது, ஆனா வெளிய எடுத்தா திரும்ப ஏறிடுது. அதாவது குளிரை உணருது, ஞாபகம் வச்சுக்க முடியல. உணர்றது வேற, ஞாபகம் வேறன்னு இந்த ஒரு மியூட்டன்ட்லயே தெரிஞ்சு போச்சு. அந்தப் புரதம் என்னன்னு பார்த்தா பழ ஈல ஏற்கெனவே தெரிஞ்ச பாலிகோம்ப்ங்கற, ஜீனை அடக்கி வைக்கிற புரதக் குழுவைச் சேர்ந்தது. ஈயோட உடம்புல எந்தப் பகுதி எதுவா வளரணும்ங்கற முடிவைக் காப்பாத்தற அதே சாமான் இங்க குளிர்காலத்தைக் காப்பாத்துது. 2004ல நேச்சர்ல ஒரே இதழ்ல ரெண்டு பேப்பர், ஒண்ணு டீன் லேப், இன்னொண்ணு அமாசினோ லேப்ல சிபும் சுங், ரெண்டும் எஃப்எல்சியோட டிஎன்ஏ சுத்தியிருக்கிற ஹிஸ்டோன் புரதத்துல, ஜீனை அடக்கி வைக்கிற மீதைல் முத்திரை விழறதைக் காட்டுச்சு. ரெண்டாவதுலதான் வின்3 வருது, நீண்ட குளிர்ல மட்டும் மெதுவா ஏறி எஃப்எல்சிய அடக்க உதவற ஜீன்.

கோடு_போட்டவன்:
நான் பிசிக்ஸ். இந்த இழைக்கு யாரும் கூப்பிடல, ஆனா 2011 நேச்சர் பேப்பரை யாரும் சொல்லலயேன்னு வந்தேன். டீனும் மார்ட்டின் ஹோவர்டும் சேர்ந்து போட்டது, ஹோவர்ட் கணக்கு ஆளு, அவரும் ஜான் இன்ஸ் தான். என்னைக் கேட்டா மொத்த லிஸ்ட்லயும் ஒண்ணே ஒண்ணு படிக்க நேரம் இருந்தா அதைத்தான் படிக்கச் சொல்வேன்.

விஷயம் இதுதான். ரெண்டு வாரம் குளிர்ல வச்சா எஃப்எல்சி கொஞ்சம் குறையுது, நாலு வாரம் வச்சா இன்னும் குறையுது, படிப்படியா. அப்ப ஒவ்வொரு செல்லுலயும் ஜீன் கொஞ்சம் கொஞ்சமா மங்குதுன்னுதானே நினைப்போம்? அவங்க மாடல் சொன்னது வேற. ஒரு செல்லுல ஜீன் ஒண்ணு முழுசா ஆன், இல்ல முழுசா ஆஃப், நடுவுல நிக்காது. குளிர் நீள நீள ஆஃப் ஆன செல்லோட எண்ணிக்கைதான் கூடுது. தெருவுல பாதி வீட்டுல விளக்கு அணைஞ்சா தூரத்துலேர்ந்து பார்க்கிறவனுக்கு தெருவே மங்கலாத்தான் தெரியும், ஆனா எந்த வீட்டுலயும் மங்கல் விளக்கு இல்ல. முதல்ல கணக்கு போட்டு இப்படித்தான் இருக்கணும்னு சொல்லிட்டு அப்புறம் வேர்ல ரிப்போர்ட்டர் (ஜீன் ஆன்ல இருந்தா கலர் காட்டற அடையாளம்) வச்சுப் பார்த்தா நிஜமாவே கலர் வந்த செல்லும் வராத செல்லும் வரிசை வரிசையா இருக்கு, ஏன்னா ஆஃப் ஆன ஒரு செல் பிரிஞ்சா பிள்ளை செல்லும் ஆஃப்.

இலைக்காம்பு:
ப்ரோ ஒரு டவுட். செல்லு ஆஃப்னா, செல்லுக்குள்ள சுத்திட்டு இருக்கிற ஏதோ ஒரு புரதம் அதை ஆஃப்ல வச்சிருக்கலாமே? ஞாபகம் ஜீன் மேலயே எழுதியிருக்குன்னு எப்படி சொல்ல முடியும்?

கோடு_போட்டவன்:
தம்பி சரியான எடத்துல கை வச்ச. அதே கேள்விக்குத்தான் 2015ல ஈலைஃப்ல பேப்பர் போட்டாங்க. ஒரே செடில எஃப்எல்சியோட ரெண்டு காப்பி, ஒண்ணுக்கு ஒரு கலர் இன்னொண்ணுக்கு வேற கலர். புரதம்தான் ஞாபகம்னா ரெண்டு காப்பியும் ஒண்ணாத்தான் அணையணும், ஒரே செல்லுக்குள்ளதானே ரெண்டும் இருக்கு. பார்த்தா சில செல்லுல ஒண்ணு எரியுது, இன்னொண்ணு அணைஞ்சிருக்கு, செல் பிரிஞ்சப்புறமும் அது அப்படியே தொடருது. அப்ப ஞாபகம் அந்தந்த காப்பிகிட்டயே இருக்கு. எனக்கு உயிரியல்ல இவ்வளவு சுத்தமான பரிசோதனை பார்த்த ஞாபகம் இல்ல.

குடமிளகாய்:
நல்லாத்தான் இருக்கு, மறுக்கல. ஆனா இதெல்லாம் 4 டிகிரி குளிர் அறைல வச்ச செடி. வெளிய எந்த ஊர்ல ஆறு வாரம் ஒரே சீரா 4 டிகிரி இருக்கு? ராத்திரி உறையும், மத்தியானம் பன்னெண்டு பதிமூணுக்கு ஏறும், நடுவுல ரெண்டு நாள் வெயில் அடிக்கும். அறைல கிடைச்ச ரிசல்ட்டை வயல்ல நம்பி நாங்க பட்டது போதும்.

பழைய_பெட்ரிடிஷ்:
சார், இது ஞாயமான கேள்வி, அவங்களுக்கும் இது தோணியிருக்கு. கடைசி பத்து வருஷத்துல அந்த லேப்லேர்ந்து வந்ததுல நல்ல பங்கு வயல் வேலைதான். நார்விச்லயும் ஸ்வீடன்ல தெற்கு வடக்கு ரெண்டு பக்கமும் செடி வச்சு இலையுதிர் காலத்துலேர்ந்து வாராவாரம் எடுத்து எஃப்எல்சி அளந்தாங்க. 2018 நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் பேப்பர்ல வந்த முடிவு உங்களுக்கே பிடிக்கும். வின்3 ஏறுறதுக்கு சராசரி குளிர் முக்கியமில்ல, பகல்ல எவ்வளவு உச்சத்துக்குப் போகுதுங்கறதுதான் முக்கியம். ஒரு நாள்ல 15 டிகிரியைத் தாண்டினா அந்த நாள் கணக்குல சேராது. செடி குளிரை எண்ணலை, வெயில் இல்லாததை எண்ணுது.

2020 நேச்சர் இன்னும் அழகு. வின்3 ஏன் அவ்வளவு மெதுவா ஏறுதுங்கறது ரொம்ப நாள் புதிர். என்டிஎல்8னு ஒரு புரதம்தான் வின்3யை ஏத்துது, அது எளிதுல அழியாத புரதம். வெயில்ல செடி வேகமா வளருது, செல் பிரிய பிரிய புரதம் பங்கு பிரிஞ்சு நீர்த்துப் போகுது. குளிர்ல வளர்ச்சி மந்தம், அதனால மெல்ல மெல்ல சேருது. குளிர் அளக்கிறதுக்குன்னு தனியா ஒரு உறுப்பும் இல்ல, வளர்ச்சி மந்தமாகறதே அளவு. இதுக்கு 4 டிகிரி அறையை மட்டும் நம்பியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

குடமிளகாய்:
வெயில் இல்லாததை எண்ணுதுன்னா, குளிர்காலம் சூடாகிட்டு வர்ற ஊர்ல பயிர் மாட்டிக்கும். இதுல சங்கதி இருக்கு.

பழைய_பெட்ரிடிஷ்:
இருக்கு. கடுகுக் குடும்பம் முழுக்க எஃப்எல்சி இருக்கு, ஐரோப்பால எண்ணெய்க்கு போடற ரேப்சீட்ல ஒண்ணுக்குப் பல காப்பி. உங்க தொழில்லயே பாருங்க, முட்டைக்கோஸ் விதை எங்கேருந்து வருது? ஊட்டில கோஸ் விளையுது, விதைக்கு இமாசல் குலு பள்ளத்தாக்கு கட்ராயின் மாதிரி எடத்துக்குப் போறோம், நல்ல குளிர் பட்டாத்தான் அது பூத்து விதை வைக்கும். காய்க்கு பூக்காம இருக்கணும், விதைக்கு பூக்கணும்.

குடமிளகாய்:
கட்ராயின் எனக்குத் தெரியாதா. சரி, ஒத்துக்கிட்ட மாதிரி எடுத்துக்காதீங்க, மேல சொல்லுங்க.

சும்மா_படிக்கிறவன்:
ஒரு முட்டாள் கேள்வி. அம்மா செடி குளிரைப் பார்த்துடுச்சு, ஞாபகம் ஜீன் மேலயே எழுதியிருக்கு. அப்ப விதைக்கும் அந்த ஞாபகம் போகாதா? பிள்ளை குளிரே பார்க்காம பூத்துடுமே?

பழைய_பெட்ரிடிஷ்:
முட்டாள் கேள்வி இல்ல, இதை வச்சு ஒரு நாட்டோட மரபியலே நாசமா போயிருக்கு. சோவியத் யூனியன்ல லைசென்கோ இதே குளிர் வித்தையை எடுத்துக்கிட்டு பழக்கினா கோதுமையோட பரம்பரையே மாறிடும்னு சொன்னார், எதிர்த்துப் பேசின மரபியல்காரங்க வேலை போச்சு, சில பேர் ஜெயிலுக்கே போனாங்க, வவிலோவ்ங்கற பெரிய மரபியல் விஞ்ஞானி 1943ல ஜெயில்லயே செத்தார்.

நிஜத்துல ஞாபகம் விதைக்குப் போகாது, ஒவ்வொரு தலைமுறையும் எஃப்எல்சி திரும்ப ஏறி, பிள்ளைச் செடி தன் குளிர்காலத்தைத் தானே பார்க்கணும். தானா அழியறது இல்ல, அழிக்க ஆள் இருக்கு. 2014 நேச்சர்ல டீன் லேப், இஎல்எஃப்6ங்கற மீதைல் எடுக்கிற என்சைம்ல ஒரு மியூட்டேஷன் இருந்தா ரீசெட் சரியா நடக்கல, அம்மாவோட குளிர் ஞாபகத்துல ஒரு பங்கு பிள்ளைக்கும் போயிடுதுன்னு காட்டினாங்க. கருவுல எஃப்எல்சிய திரும்ப எழுப்பி விடற எல்இசி1 பத்தி 2017ல யூஹுய் ஹே குழு நேச்சர்ல போட்டாங்க. ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் கதை முழுசா வரும்.

கூட்டெழுத்து:
எல்லாரும் ரொம்பப் புகழ்றீங்க, கூல்ஏர் பத்தி யாராவது நேர்மையா பேசுவீங்களா? 2009 நேச்சர். எஃப்எல்சிக்கு பின்பக்கத்துலேர்ந்து தலைகீழா ஒரு ஆன்டிசென்ஸ் ஆர்என்ஏ வருது, குளிர்ல அது ஏறுது, அதுதான் முதல் அமுக்குன்னு போட்டாங்க. ரெண்டே வருஷத்துல சிஎஸ்ஐஆர்ஓ குழு ப்ளாஸ் ஒன்ல, ஆன்டிசென்ஸ் இல்லாமலே எஃப்எல்சி அடங்குதுன்னு காட்டிட்டாங்க. 2023ல கொரியாலேர்ந்து இல்ஹா லீ குழு ஈலைஃப்ல, கூல்ஏர் ஏறாத செடிலயும் வெர்னலைசேஷன் நல்லாவே நடக்குதுன்னு போட்டாங்க. ஆனா நடுவுல கூல்ஏர் மேல மட்டும் நேச்சர் சயின்ஸ்னு எத்தனை பேப்பர். பெரிய லேப், பெரிய பேர், அதான் ஓடுது.

பழைய_பெட்ரிடிஷ்:
பெரிய பேர் உதவும், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா "தேவையா இல்லயா"ன்னு கேள்வியை வச்சா ரெண்டு பக்கமும் கத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான். 2014ல அவங்களே பிஎன்ஏஎஸ்ல போட்டதைப் பாருங்க, கூல்ஏரை தடுத்தா அடங்கறது நிக்கல, ஆரம்பத்துல குறையற வேகமும் குரோமாட்டின் மாறற ஒழுங்கும்தான் கெடுது. பாலிகோம்ப் முத்திரை இல்லாம எஃப்எல்சி அடங்கியே இருக்க முடியாது, கூல்ஏர் இல்லாம இருக்க முடியும், இந்த வித்தியாசத்தை முதல்ல ஒத்துக்கணும். 2021ல ஜீன்ஸ் அண்ட் டெவலப்மென்ட்ல இன்னொரு பேப்பர், நிஜ வயல்ல முதல் உறைபனி அடிக்கும்போது கூல்ஏர் தடாலுன்னு ஏறுது, சீரான 4 டிகிரில அது அவ்வளவா தெரியாது. அறைல பார்த்தவங்களுக்கு தேவையில்லன்னு தோணினது வயல்ல வேற மாதிரி தெரியலாம். என் கருத்து, 2009 பேப்பரோட தொனி அதுல இருந்த டேட்டாவை விட பெரிசு. ஆனா கூல்ஏர் மேல நடந்த வேலை வீண் இல்ல, குளிரே இல்லாதப்ப எஃப்சிஏ எஃப்எல்சிய எப்படி அமுக்குதுங்கற இன்னொரு பாதைல அந்த ஆன்டிசென்ஸ் நடுநாயகம், 2010 சயின்ஸ் பேப்பர் அதைத்தான் சொல்லுது. அங்க ஆதாரம் கெட்டி.

கூட்டெழுத்து:
தொனி டேட்டாவை விட பெரிசுன்னு ஒரு ரசிகர் வாயாலயே வந்துச்சு, போதும் எனக்கு.

கோடு_போட்டவன்:
எஃப்சிஏன்னதும் ஞாபகம் வருது, 2006 நேச்சர்ல வேறொரு குழு, கனடாலேர்ந்து, எஃப்சிஏதான் அப்சிசிக் ஆசிட்ங்கற செடி ஹார்மோனைப் பிடிக்கிற ரிசெப்டர்னு போட்டாங்க, ஊரே குதிச்சுது. 2008ல நியூசிலாந்து குழு ஒண்ணு அந்த ஹார்மோன் எஃப்சிஏல ஒட்டவே இல்லன்னு காட்டி பேப்பர் வாபஸ். அந்த நியூசிலாந்து குழுவுல இருந்த மெக்நைட்தான் 1997 எஃப்சிஏ பேப்பரோட முதல் ஆசிரியர். அந்தப் புரதத்தோட கூடவே குடித்தனம் நடத்தினவருக்குத்தான் எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சிருக்கு.

இலைக்காம்பு:
அடேங்கப்பா இது லிஸ்ட்ல வரவே இல்லயே.

பழைய_பெட்ரிடிஷ்:
வராது தம்பி, அது டீன் பேப்பர் இல்லயே. அதனாலதான் சொல்றேன், ஒருத்தரோட பப்ளிகேஷன் லிஸ்ட்டை மட்டும் வரிசையா படிச்சா எல்லாம் படி ஏறுற மாதிரி நேரா போகும். இதுக்கு எதிர்ல அமாசினோ, சிஎஸ்ஐஆர்ஓ, சுங், ஹே இவங்க பேப்பரை பக்கத்துல வச்சுப் படி, எங்கெங்க முட்டிக்குதுன்னு தெரியும். ஜர்னல் கிளப்ல இருவது ஸ்லைடு வரிசையா காட்டினா தூங்கிடுவாங்க, மூணு ஜோடி எடுத்துக்க. 2004 நேச்சர் ஜோடி, 2009 நேச்சரும் அதுக்கு எதிரான 2011 ப்ளாஸ் ஒன்னும், அப்புறம் கோடு போட்டவர் சொன்ன 2011 நேச்சரும் 2015 ஈலைஃப்பும், இந்தக் கடைசி ஜோடி முட்டல் இல்ல, கேள்வியும் பதிலும். நேரம் இருந்தா 2016 சயின்ஸ்ல விஏஎல்1 பேப்பர், எஃப்எல்சியோட முதல் இன்ட்ரான்ல (ஜீனுக்குள்ள புரதமா மாறாத துண்டு) ஒரே ஒரு எழுத்து மாறினா அமுக்கற புரதம் வந்து உக்கார முடியாம போயிடுது. பாலிகோம்ப் எந்த ஜீனுக்குப் போகணும்னு எப்படித் தெரியுதுங்கறதுக்கு அதை விட தெளிவா ஒரு படம் கிடைக்காது.

குடமிளகாய்:
தம்பி, கேள்வி நேரத்துல என்னை மாதிரி ஒருத்தன் கண்டிப்பா கோதுமை பத்திக் கேப்பான். அங்கயும் விஆர்என்1 விஆர்என்2ன்னு இருக்கே, இதே ஜீன் தானா?

பழைய_பெட்ரிடிஷ்:
இல்ல சார், இங்கதான் பாதிப் பேர் வழுக்கி விழறது. பேர் மட்டும்தான் ஒண்ணு. அராபிடாப்சிஸ் விஆர்என்2 பாலிகோம்ப் புரதம், ஞாபகத்தைக் காக்கும். கோதுமை விஆர்என்2 பூக்கிறதைத் தடுக்கிற வேற ஒரு ஜீன், கலிஃபோர்னியா டேவிஸ்ல டுப்கோவ்ஸ்கி குழு 2004ல பிடிச்சது. கோதுமை விஆர்என்1 குளிர்ல ஏறும், அது பூக்க வைக்கிற ஜீன், அராபிடாப்சிஸ் விஆர்என்1க்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. கடுகுக் குடும்பமும் புல் குடும்பமும் குளிரை ஞாபகம் வைக்கிற வித்தையை தனித்தனியா கத்துக்கிட்டிருக்கு. இலைக்காம்பு, ஸ்லைடுல ஜீன் பேருக்கு முன்னாடி செடி பேரையும் சேர்த்தே போடு.

இலைக்காம்பு:
போட்டுடறேன் அக்கா. 2011 ப்ளாஸ் ஒன் இறக்கிட்டேன், ராத்திரி அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். கோடு போட்டவர் ப்ரோ, மாடல் ஈக்வேஷன் புரியலன்னா இங்கயே வந்து கேப்பேன்.

கோடு_போட்டவன்:
கேளு. முதல்ல சப்ளிமென்டரிய திற, மெயின் டெக்ஸ்ட்ல கணக்கு பாதிதான் இருக்கும்.